இன்னொரு பாட்டி

சாவோ பாவுலோ,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போடச் சொல். இங்கே ஜூலை என்றால் குளிர்காலம். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் அடுப்படிக்குக்கூடப் போக முடியவில்லை.

உன் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை ஒப்பிக்கிறார்கள், ஆனால் யாராவது வந்து பேர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். பிரேசிலில் 2017-இல் வந்த சட்டப்படி ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் கட்டாயம். ஆனால் யாரைக் கேட்டாலும், "வருஷா வருஷம் அதே 'வெர்போ டு பி'தான் படித்தோம்" என்கிறார்கள். ஆம், இஸ், ஆர் வாய்ப்பாடு தூக்கத்திலும் வரும். எதிரே ஒருவர் வந்து கை நீட்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் பிறந்தநாள் வைத்துக்கொள்ள ஒரு கூடம் இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் பேசிப் பழக அதில் ஆறேழு பேர் கூடுகிறோம். வாசல் காவல்காரர் வருகிறார், ஒரு நர்ஸ், டப்ளினுக்குப் படிக்கப் போக நினைக்கும் ஒரு பையன், அப்புறம் மூன்றாவது மாடிப் பாட்டி. முதல் நாள் எல்லோரும் கூச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைக் காட்டி "ஜன்னல்" என்றேன், கையிலிருந்த சாவியைக் காட்டி "சாவி" என்றேன். அவர்கள் பேசும் போர்த்துகீசில் அது ஜனேலா, ஷாவி. போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்த சொற்கள் இவை, நானூறு வருஷத்துக்கு மேல் நாங்கள் எங்கள் வாய்க்குத் தகுந்த மாதிரிதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

வாய் என்றதும் உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நம் ஊரில் 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, இவர்களுக்கு இகரம் ஒட்டும். ஃபேஸ்புக் என்பது 'ஃபேசிபுக்கி' ஆகிவிடும். சொல்லின் முதல் எழுத்தாக ரகரம் வந்தால் ஹகரமாகும். ரியோ நகரத்தையே 'ஹியு' என்றுதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் திருத்தினேன். இப்போது கடைசி இகரத்தை விட்டுவிடுகிறேன், யாருக்கும் அதனால் அர்த்தம் மாறப் போவதில்லை. ரகரத்தை விடுவதில்லை. சமையலறையில் எலி என்று சொல்ல வந்த நர்ஸ் 'ஹேட்' என்றார், எல்லோரும் தொப்பி என்று நினைத்துக்கொண்டோம். அதேபோல "ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்" என்றால் திருத்தமாட்டேன். அவர்கள் பாஷையில் வயதை 'வைத்திருப்பது'தான் வழக்கம், கேட்பவருக்கும் புரிந்துவிடும்.

ஆனால் போன் நம்பர் வேறு கதை. ஆறு என்கிற எண்ணைப் போனில் சொல்லும்போது இவர்கள் 'மேயா' என்பார்கள், அதாவது பாதி. அரை டஜன் என்பதன் சுருக்கம். காவல்காரர் தன் நம்பரை இங்கிலீஷில் சொன்னபோது "நைன், ஹாஃப், ஹாஃப், டூ" என்று போனார். இதைத் திருத்தாமல் விட்டால் அவருக்கு யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. அன்று முழுக்க நம்பர்தான் நடத்தினேன்.

அப்புறம் அந்தப் பாட்டி. அவருக்கு அறுபத்தெட்டு வயது. பெண் அயர்லாந்தில் இருக்கிறாள், அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு வயதில் ஒரு பேரன். ஆகஸ்டில் இவர் முதல்முறையாகப் போகிறார். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் வருகிறாராம். அந்த அம்மாளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதி வந்தார். நான் சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்தித் திருத்தினேன். அடுத்த இரண்டு புதன்கிழமை அவரைக் காணவில்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். "நான் பேசும்போது நீ என் வாயைத்தான் பார்க்கிறாய், என் கண்ணைப் பார்ப்பதே இல்லை" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, வசந்தா. அதற்குப் பிறகு யார் பேசினாலும் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே போவதில்லை.

திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. போர்த்துகீசில் 'கொன்சோக்ரா' என்று ஒரு சொல் உண்டு. நம் சம்பந்தியேதான், அப்படியே. இங்கிலீஷில் அதற்குச் சொல் கிடையாது. எங்களிடமும் உண்டு என்று சம்பந்தியைச் சொல்லிக் காட்டினேன். "சம்பஞ்சி" என்று உடனே பிடித்துக்கொண்டார். இகரத்தில் முடிகிற சொல், அவர் வாய்க்காகவே செய்தது போல இருந்தது. அவர்களுக்கு 'தி' பெரும்பாலும் 'சி'யாகத்தான் வரும். சரி, இங்கிலீஷில் என்ன செய்வது? 'யுவர் டாட்டர்-இன்-லாஸ் மதர்' என்று நீட்டிப் பார்த்தோம். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: "ஐ ஆம் தி அதர் கிராண்ட்மதர்." உறவுமுறையே வேண்டாம், பேரனை வைத்துச் சொன்னால் போதும் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. எனக்குத் தோன்றவே இல்லை.

கையையும் பழக வேண்டியிருந்தது. சாவோ பாவுலோவில் பெண்களைப் பார்த்தால் கன்னத்தில் ஒரு முத்தம், ரியோவில் இரண்டு. அயர்லாந்தில் முதல் சந்திப்பு என்றால் பெரும்பாலும் கை குலுக்கல்தான். பேரனின் பாட்டிக்குக் கை மட்டும் கொடுப்பதா என்று அவருக்கு மனசே இல்லை. அவர்கள் கை நீட்டினால் கையைக் கொடுங்கள், பிடித்த கையை விடாமல் சிரியுங்கள் என்றேன்.

போன புதன்கிழமை கூடத்தின் வாசலையே விமான நிலையமாக்கினோம். காவல்காரர்தான் சம்பந்தி. பாட்டி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். "ஹலோ, ஐ ஆம் தி அதர் கிராண்ட்மதர்" என்று தெளிவாக வந்தது. "ஹவ் வாஸ் யுவர் ஃப்ளைட்?" என்றார் காவல்காரர். "லாங். வெரி லாங். அண்ட் யூ?" என்றார் பாட்டி. டப்ளின் பையன் என்னைப் பார்த்தான், நான் திருத்தப் போகிறேனா என்று. நான் திருத்தவில்லை. இவர்கள் ஊரில் 'துடு பெய்ங்?', அதாவது எல்லாம் நலமா, என்று கேட்டால் பதிலும் 'துடு பெய்ங்'தான், கேள்வி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். பேரைச் சொல்லிவிட்டுச் சிலையாக நிற்பவர்களிடம் "திருப்பிக் கேளுங்கள், திருப்பிக் கேளுங்கள்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டுவிட்டார்.

இலக்கணம் இல்லாமல் எப்படி என்று நீ கேட்பாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு வாசலில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார், இன்னொருவர் அழைத்துப் போக வந்திருக்கிறார் என்று சொல்லிப் பார். முழுசாகப் பேசி முடிக்கும்வரை நீ கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் இரு. என்ன ஆயிற்று என்று எழுது.

பாட்டிக்கு ஒன்பதாம் தேதி விமானம். பேரனுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னுகிறார், காது மறைகிற மாதிரி. போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார். என்ன பேசினார்கள் என்று உனக்கு எழுதுகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மீனா