சுவர் வேர்க்கிறது

தக்கலை
ஆடி மாதம், மழை

அன்புள்ள பேபி,

சித்திரையில் நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழமும் கடிதமும் வந்து சேர்ந்தன. மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. நான் சுகம், அம்மாவும் சுகம், பையன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான். நீ கேட்ட மற்றதெல்லாம் அப்புறம். இன்று காலை சந்தையில் உன் மைனியைப் பார்த்தேன். ஆவணி பிறந்ததும் உங்கள் குழித்துறை வீட்டில் பூச்சு வேலை தொடங்கப் போகிறதாம், என் வீட்டில் வேலை செய்த அதே ஆள்தானாம், நீ மஸ்கட்டில் இருந்து அனுப்பின முன்பணம் வந்தாச்சாம். வாங்கின மீனைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பேபி, அந்த ஆளிடம் அந்தச் சுவரைக் கொடுக்காதே.

நான் சும்மா இருந்ததற்குக் காரணமே அதுதான். நீ நல்ல மனசோடு சொல்லிவிட்ட ஆள், உன் அண்ணனுக்கு வேண்டிய ஆள். அவரைப் பற்றிக் குறை சொன்னால் உனக்கு அங்கே மனசு கஷ்டப்படும், டூட்டி முடிந்து வந்து தூங்காமல் கிடப்பாய் என்று நினைத்தேன். இப்போது உன் அம்மா படுக்கிற அறை என்று வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? தாத்தா கட்டியது. ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று மேற்குப் பக்கத்து ஓடு பறந்து, ஓடு கிடைக்கவே எத்தனை நாள் ஆனது என்று அப்போதே உனக்கு எழுதியிருந்தேன். அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கியதில் இருந்தே பழைய பூச்சு அங்கங்கே உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கூட்டிப் பெருக்கியே காலம் போனது. இந்த வருஷம் பையன் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், சரி, உள்ளும் புறமும் புதிதாகப் பூசிவிடலாம் என்று முடிவு செய்தோம். பூச்சுக்கு மட்டும் 1,40,000 பேசினோம். ஆள் நல்லபடியாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். இருபது நாளில் முடித்தும் கொடுத்தார்.

முடித்த அன்று பார்க்க எப்படி இருந்தது தெரியுமா, கண்ணாடி மாதிரி. நம் வாத்து டீச்சர் வந்து பார்த்துவிட்டு, கையால் தடவித் தடவி, "கொள்ளாமே, கொள்ளாமே" என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து, விளக்கேற்றும்போது கிழக்குச் சுவரில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. சிலந்தி வலை மாதிரி, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு சுவர் முழுக்க. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது வெயில் வெடிப்பு, புட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பினேன்.

அப்புறம் இடவப்பாதி, அந்தத் தென்மேற்கு மழை, தொடங்கியது. ஒரு நாள் விடியற்காலையில் அம்மா கூப்பிட்டு, "மோளே, சுவரு வேர்க்குது" என்றாள். தொட்டுப் பார்த்தால் ஈரம். தரையில் இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் கறுத்திருந்தது, அதற்கு மேலே வெள்ளையாக உப்பு பூத்து நின்றது. எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில், ஒக்கிக்குப் பிறகும்கூட, இப்படி ஒரு ஈரம் கண்டதில்லை. உள்ளே சிமெண்ட் பூசி இறுக்கினால் ஈரம் வராது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? பூசாமல் இருந்த வரைக்கும் காய்ந்து கிடந்த சுவர் பூசின பிறகு வேர்க்கிறது. அம்மாவுக்கு அன்றைக்குப் பிடித்த இருமல் விடப் பதினைந்து நாள் ஆனது.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். பையன் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் வந்ததும் பேசவே இல்லை. மடியில் இருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். சில இடத்தில் 'டிண்' என்று கெட்டியாகச் சத்தம் கேட்டது, சில இடத்தில் 'டொப் டொப்' என்று வெறும் பானையைத் தட்டினது போல. டொப் என்ற இடத்தில் எல்லாம் என்னைச் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னார். அம்மாவின் அறையில் மட்டும் 23 வட்டம் போட்டேன் பேபி. போடப் போட எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் ஒரு வட்டத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினார், தட்டுப் போல ஒரு பாளம் அப்படியே கழன்று கையில் வந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, தாத்தா காலத்தில் இருந்து பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை அடுக்கடுக்காக அதில் ஒட்டிக்கொண்டு இருந்தது. சுவரைச் சுரண்டாமல், நனைக்காமல், அந்த வெள்ளையின் மேலேயே பூசியிருக்கிறார்கள். பூச்சு சுவரைப் பிடிக்கவே இல்லை.

"உள்ள கிடக்கது சுண்ணாம்பு, மேல கிடக்கது சிமெண்டு. அது மெத்த, இது கல்லு. ரெண்டும் எப்படிம்மா சேரும்?" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னதை எல்லாம் கேட்டேன், பிறகு பையனும் அங்கே இங்கே விசாரித்துச் சரி பார்த்தான். நம் பழைய வீடுகளில் கடைக்காலுக்கு மேலே ஈரத்தைத் தடுக்க ஒன்றும் வைக்கவில்லை. மண்ணில் இருக்கிற தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், ஏறுவதும் காய்வதும் நமக்குத் தெரியாமலே நடக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். அது கொண்டுவருகிற உப்பு பூச்சுக்குப் பின்னால் பரலாக உறைந்து பூச்சை வெளியே தள்ளும். மேல் பூச்சு உள்ளே இருப்பதைவிடக் கடினமாக இருக்கவே கூடாதாம், சிமெண்ட் காயும்போது சுருங்கும், சுருங்குகிற வேகத்தில் மெத்தென்று இருக்கிற சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம். நம் குமரி மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை வேறு, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. சுவர் மூச்சு விட நேரமே கிடையாது.

சிமெண்ட் வேலையாகப் பார்த்தாலும் அது சரியான வேலை இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உள்பூச்சு 12 மில்லிமீட்டர் போதும், எங்கள் சுவர் கோணல் என்பதால் சில இடத்தில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரே வீச்சில் அப்பியிருக்கிறார்கள், அதை இரண்டு தடவையாகப் பூசியிருக்க வேண்டும். காலையில் குழைத்த கலவையை டீ குடித்து வந்து மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறிப் பூசியதை நானே பார்த்தேன், அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டுமாம். அந்தக் கண்ணாடி வழவழப்பு இருக்கிறதே, அது பூசின ஈரத்தின் மேல் சிமெண்ட் பொடியைத் தூவி மணியாசுக்கட்டையால், பூச்சைத் தேய்க்கிற அந்தப் பலகையால், தேய்த்துக் கொண்டுவந்தது, வலைப்பின்னல் வெடிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் தண்ணீர். ஏழு நாளாவது சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்னி வெயிலில் சனிக்கிழமை பூசிவிட்டு ஞாயிறு லீவு என்று போனார்கள், திங்கள் மதியம்தான் ஒரு வாளி தண்ணீர் கண்டது அந்தச் சுவர். கேட்டதற்கு "நனைக்கியது வீட்டுக்காரங்க வேலைல்லா" என்றார். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரவு பகலாக நனைத்திருப்பேன்.

1,10,000 கொடுத்தாச்சு. மீதி 30,000 கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இப்போது போன் எடுப்பதில்லை. பணம் போனது போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பையன் ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு அது. ஆனாலும் அதைவிட வலிப்பது தாத்தாவின் பூச்சு. சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது சில இடத்தில் நல்லா இருந்த பழைய பூச்சும் கூடவே பிய்ந்து வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மனசு கேட்காமல் போன மாதம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். முதலில் திங்கள்கிழமை போய்விட்டேன், அன்றைக்கு அரண்மனை லீவு. செவ்வாய்க்கிழமை திரும்பப் போனேன். பத்து நிமிஷத்தில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு எத்தனை வருஷமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்! பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது நீ பாவாடை தடுக்கி விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், உன் முழங்கால் ஞாபகம் வந்தது, தனியாகச் சிரித்தேன், காவலுக்கு இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் கறுப்புத் தரை இன்னும் அப்படியே முகம் தெரிகிற மாதிரிதான் மின்னுகிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அன்றைக்கு டீச்சர் சொல்லச் சொல்ல நீ "ஆம்லெட்" என்று என் காதில் சொன்னாயே, அதே தரைதான். திருவிதாங்கூருக்குத் தலைநகராக இருந்த காலத்தில் போட்டது இன்றைக்கும் நிற்கிறது, என் சுவர் பத்து நாள் நிற்கவில்லை. சிமெண்டே கண்டிராத ஆட்கள் செய்த வேலை அது. அவர்களுக்கு அவசரம் இல்லை, சுண்ணாம்புக்கும் அவசரம் இல்லை, அது காற்றை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும்.

பெரியவர் இப்போது அடுக்களைக்குப் பின்னால், கூரை இறப்புக்கு அடியில், மழை படாத இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு துண்டு பூசிப் பார்த்திருக்கிறார். சிப்பிச் சுண்ணாம்பு, நீற்றி ஊற வைத்தது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு அரித்த மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைத்தார். அந்த வாசத்துக்கு அம்மா உள்ளே இருந்து மெல்ல நடந்து வந்துவிட்டாள். "நான் கல்யாணம் கழிஞ்சு இந்த வீட்டுக்கு வந்தப்போ வீடு முழுக்க இந்த மணம்தான்" என்றாள். எனக்குத் தெரியாத கதை பேபி, அவள் வந்த வருஷம்தான் வடக்கு அறை பூசினார்களாம். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் அன்று அடுக்களை வாசலில் உட்கார்ந்து கதை சொன்னாள்! பெரியவரும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற சுவரெல்லாம் இப்போதைக்குச் செங்கல் தெரிய நிற்கிறது. இரண்டு மழையும் போய், சுவர் நன்றாகக் காய்ந்து, தை பிறந்த பிறகுதான் தொடுவேன் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் "என்ன இப்படிப் போட்டிருக்கீங்க" என்று கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வேண்டும் என்றே செங்கல்லைப் பூசாமல் விட்டு வீடு வீடாகக் கட்டினாரே, அவர் வீடுகளில் ஆட்கள் சந்தோஷமாக இருக்கவில்லையா? சுவர் வேர்ப்பது நின்றுவிட்டது. எனக்கு அது போதும்.

இனி உன் காரியம். குழித்துறை வீடும் எங்கள் வீடு மாதிரிதான், இன்னும் ஒரு படி மேலே, அது வெட்டுக்கல், நிலத்தில் வெட்டி எடுக்கிற துளை துளையான சிவப்புக் கல். 1956 நவம்பர் 1, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று திண்ணைச் சுவரில் வெள்ளை அடித்துக்கொண்டு இருந்ததாக உன் அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அந்த வெள்ளை இன்னும் உள்ளே இருக்கும். ஆறும் பக்கம், ஈரம் எங்களைவிட உங்களுக்கு அதிகம். அங்கே சிமெண்ட் ஏறினால் இரண்டு மழை தாங்காது. புதிதாகக் கட்டின பாத்ரூம் சிமெண்ட் கல்தானே, அதை மட்டும் வேண்டுமானால் சிமெண்டில் பூசட்டும், அதுவும் ஏழு நாள் யார் தண்ணீர் விடுவது என்று முதலிலேயே பேசிவிட்டு. அம்மாவின் அறையைத் தொட விடாதே.

இதைப் படித்ததும் அண்ணனைக் கூப்பிடு. முன்பணத்தில் பாத்ரூமுக்கு உள்ளதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கேட்கச் சொல். அண்ணனுக்குக் கோபம் வந்தால் என்னிடம் பேசச் சொல், நான் அந்தப் பாளத்தை எடுத்து வைத்திருக்கிறேன், வெள்ளை ஒட்டினபடியே, கொண்டுபோய்க் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியவரைக் குழித்துறைக்குக் கூட்டிப் போக ஆட்டோ சொல்லியாச்சு. உன் அம்மாவிடம் நான் வருவதை மட்டும் சொல், எதற்கு என்று சொல்லாதே, சமையல் செய்து காத்துக்கொண்டு இருப்பார்கள்.

கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறேன், யார் வருகிறார்கள் என்று சொல்.

உன்
தங்கம்