கள்ளக்கடல் எச்சரிக்கை: இன்றே வள்ளம் ஏற்றுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாளை சனி காலை 11.30 முதல் ஞாயிறு இரவு வரை கன்னியாகுமரிக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், நம்பாதீர்கள். தெற்கே வெகுதொலைவில் அடித்த புயலின் அலை பல நாள் ஓடிவந்து இங்கே கரையேறும், அதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மாணவர்களை இழுத்துப் போனதும் இப்படி வந்த அலைதான்.

1. வள்ளங்களை மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.
2. இஞ்சின், வலை வீட்டுக்கு.
3. பாறையில் நின்று தூண்டில் போடப் பிள்ளைகளைத் தயவுசெய்து விடாதீர்கள்.
4. தூக்க ஆள் வேண்டுமென்றால் இன்று மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள், வருகிறோம்.

இரண்டு நாள் மீன்பாடு போகும், தெரியும். வள்ளம் ஏற்றியதும் இங்கே 'ஏற்றியாச்சு' என்று போடுங்கள்.