ஹாஸ்டல் மக்களே, சென்சஸ் பத்தி ஒரு மேட்டர்

மக்களே ஒரு நிமிஷம், மியூட்ல இருக்குறவங்களும் படிங்க. கடைசியா சென்சஸ் எடுத்தது 2011ல, நம்மள்ல பாதி பேர் அப்போ அஞ்சாவது கூட தாண்டல, 2021ல எடுக்க வேண்டியது கொரோனால தள்ளிப்போச்சு, இப்போ 2027 பிப்ரவரில தலை எண்ணப் போறாங்க. "அதான் வீட்ல அப்பா சொல்லிடுவாரே"ன்னு விட்டுடாதீங்க, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்கள ஹாஸ்டல்லதான் எண்ணணும், ஊர்லயும் பேர் குடுத்தா ரெண்டு தடவை ஆகிடும், வீட்லயும் ஹாஸ்டல்லயும் மத்தவங்க பாத்துப்பாங்கன்னு விட்டா எங்கயுமே இருக்க மாட்டீங்க.

தமிழ்நாடு 7.21 கோடின்னு இன்னும் சொல்றோம்ல, அது அந்த 2011 கணக்குதான். ரேஷன் மாதிரி திட்டங்களுக்கு இத்தனை வருஷமா அந்தப் பழைய நம்பர வச்சுதான் ஓட்டுறாங்க.

சாதி, தாய்மொழி எல்லாம் கேப்பாங்க. நீங்க சொல்றது ரகசியம், 1948 சென்சஸ் சட்டப்படி கோர்ட்ல கூட அத சாட்சியா காட்ட முடியாது. ஆனா ஓடிபி, பேங்க் நம்பர்னு எவனாவது கேட்டா அவன் சென்சஸ் ஆளே இல்ல, போன கட் பண்ணிடுங்க.

இந்த தடவை ஆன்லைன்லயே நாமளே நிரப்பலாம். ஊர்ல பாட்டி தாத்தாவுக்கு லீவுல போறப்போ நீங்களே உக்காந்து போட்டுக் குடுங்க. வார்டன்கிட்ட ரூம் லிஸ்ட் பத்தி நான் பேசுறேன், டே ஸ்காலர்ஸ் வீட்ல பாத்துக்கோங்க.