எங்களுக்கு அந்த மாடி வேண்டாம், தம்பி

முள்ளியவளை

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோவு பனிக்கு ஒருக்கால் கூடியது, இப்போது பரவாயில்லை. போனில் கதைத்தால் நீ வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருப்பாய், பேரன் இடையில் போனைப் பறிப்பான். ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விசயம் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

இந்த வீட்டை இடித்துவிட்டுக் கட்டலாம் என்று நீ அனுப்பிய மாடி வீட்டுப் படம் கிடைத்தது. வடிவாகத்தான் இருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில ஆர் இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. வெளிநாட்டுக் காசில் எழும்பிப் பூட்டிக் கிடக்கும் மாடிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கூட்டித் துடைக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், பின்னேரம் விளக்கு வைக்க ஆளில்லை.

இப்போது இருக்கும் வீடு சின்னது என்கிறாய். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவில் கட்டியது, 550 சதுர அடி. காசு பகுதி பகுதியாகத்தான் வந்தது. கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாததால் ஒழுங்கையில் உள்ள குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, இன்றைக்கு ஒரு வளவு, நாளைக்கு அடுத்த வளவு என்று சுவருக்குச் சீமெந்துக் கல் அரிந்தோம். கிழக்கு வேலி அக்காவுக்கு ஒரு கால் இல்லை, உனக்குத் தெரியும். அரிந்த கல்லுக்கெல்லாம் காலையும் மாலையும் தண்ணீர் அடித்தது அவர்தான். இந்தச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் தூண் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இல்லாமையைப் பெரிய விசயமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 2009 இல் முள்ளிவாய்க்காலில், அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்ட கஞ்சிக்கு உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். பசி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பசிக்குள்ளும், பங்கருக்குள் தன் பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை உன் கோப்பையில் ஊற்றினாள் ஒரு தாய். பெயர் கேட்க அவகாசம் இருக்கவில்லை. இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து மண் முட்டிக்குள் போடுகிறேன். முட்டி நிறைந்ததும் அந்த நேரம் ஆருக்குத் தேவையோ அவர்களுக்குப் போகும்.

எனக்கு எது சந்தோசம் என்று ஒருமுறை கேட்டாய். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வந்தால் நீயே பார்ப்பாய். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து காட்டு விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கேற்றும் நாளில் இருந்தே எங்கள் ஒழுங்கையில் பரபரப்புத்தான். பொங்கலன்று நடந்து வரும் சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். மாடு வைத்திருப்பவர்கள் தயிர் கொண்டுவருவார்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக வெட்டி, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, பெரிய கிடாரத்தில் மோர் கரைப்பது என் வேலை. உப்புப் பார்ப்பது அக்கா. அவர் உள்ளங்கையில் விட்டுப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் ஊற்றத் தொடங்குவோம். பெற்றோலுக்குச் சனம் வரிசையில் கிடந்த 2022 ஆம் ஆண்டு, நடந்து வந்தவர்கள்தான் அதிகம். கிடாரம் வற்ற வற்றக் கரைத்தோம், அப்பா முழங்கால் நோவையும் மறந்து கோப்பை கழுவினார். விடிய வந்து பாயில் சரிந்தபோது கால் இரண்டும் கடுத்தது. ஆனால் அப்படியொரு நித்திரை எனக்கு வேறு நாளில் வருவதில்லை.

உனக்கு அங்கே நித்திரையே இல்லை என்று மருமகள் சொன்னாள். கிழமை நாளில் பக்டரி, சனி ஞாயிறில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கனடாவில் அந்த ஸ்காபரோக் குளிரில் நீ வீட்டுக்கு வரும்போது பேரன் படுத்துவிடுகிறானாம். அவன் வளருவதை நீ பார்க்காமல் எங்களுக்கு எதற்கு மாடி? அதைக் கேட்டதில் இருந்து அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சேர்த்த காசில் ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் இரண்டு காரியம் இருக்கிறது. மாரிக்கு முதல் குசினிக் கூரையைத் திருத்த வேண்டும், அது சின்னச் செலவு. மற்றது, அக்காவின் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அறை வாடகையையும் பஸ் காசையும் நினைத்து அக்கா தையல் மெசினை விற்க யோசிக்கிறார். அதை விற்றால் அவர் எதைக்கொண்டு சீவிப்பது? பிள்ளை படித்து முடிக்கும்வரை மாதாமாதம் உன்னால் முடிந்ததை அனுப்பு. ஊருக்குத் தெரியத் தேவையில்லை. அக்கா கூச்சப்படாத மாதிரி நானே பக்குவமாகச் சொல்லிக் கொடுப்பேன்.

மேசனிடம் மாடி வேலை இல்லை, கூரை வேலை மட்டும்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். நீயும் அந்தச் சனி ஞாயிறு வேலையை விட்டுவிடு ராசா. விட்டாயா இல்லையா என்று மருமகளிடம் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா