அந்தக் கல்லில் இருப்பது எங்கள் அப்பாவின் எழுத்து இல்லை

எங்கள் ஊர் நினைவுக்கல்லைத் திறந்துவைத்த அதிகாரிகளுக்கும் பிரமுகர்களுக்கும் வணக்கம்.

ராணுவத்தில் உயிர்விட்ட என் தம்பியின் நினைவுக்கல்லில் உள்ள எழுத்துப் பிழையைப் பற்றி இதுவரை நான்கு மனு கொடுத்துவிட்டேன். நான்கும் உங்கள் கோப்பில் இருக்கின்றன, அதனால் பழைய கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. போன நினைவு நாளன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான், இனி மனு வேண்டாம், எல்லாரும் படிக்கும்படி எழுதுவோம் என்று தோன்றியது.

அன்று விடியற்காலையிலேயே அப்பா உசிலம்பட்டிக்குப் போய் மல்லிகை மாலை வாங்கிவந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வராமல் நேராகக் கல்லுக்குப் போய்விட்டார். நான் போனபோது மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "போடுங்கப்பா" என்றேன். "எம் மகன் பேருக்கு முன்னால வேற யாரோ அப்பன் பேரு நிக்குது. எப்படிப்பா போடுறது?" என்றார். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியின் போட்டோவுக்குப் போட்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அப்பாவின் பெயர் "செ"யில் தொடங்கும். ராணுவத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அதில் அது "சி" (C) என்ற எழுத்து. அதை யாரோ அப்படியே தமிழாக்கிக் கல்லில் "சி." என்று வெட்டச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நம் ஊரில் ஒருவனுக்கு இனிஷியல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டைக் கையில் இரண்டு பட்டை போடும் நாயக்காக, சிப்பாய்க்கு மேலான பதவியில், இருந்தவனைச் சிப்பாய் என்று போட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவன் அந்த இரண்டு பட்டையைச் சும்மா வாங்கவில்லை. அப்போதெல்லாம் ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். கண்மாய்க் கரையில் மடையிலிருந்து புளியமரம் வரை சைக்கிளில் தூரம் அளந்து கொடுத்தவன் நான், கடிகாரம் பார்த்தவனும் நான்தான். முதல் தடவை தேறவில்லை. அடுத்த முகாமில் தேறி, குன்னூர் பக்கம் வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போனான். மெட்ராஸ் ரெஜிமெண்டில் வீரர்களை "தம்பி" என்றே கூப்பிடுவார்களாம். லீவில் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சியாச்சின் பனிமலையில் இருந்துவிட்டு வந்த வருஷம், அடுப்புக் கரி நெஞ்சில் படிந்து பல நாள் இருமிக்கொண்டே இருந்தான். ஆரஞ்சுப் பழம் அங்கே கல்லாக உறைந்துவிடும் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வான். 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே சோனம் காவல்நிலை மேல் பனிச்சரிவு விழுந்து 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் மதுரை மாவட்டத்துச் சொக்கத்தேவன்பட்டிக்காரர். தம்பி அப்போது வேறு பட்டாலியனில் இருந்தான். அந்தச் செய்தி வந்த ராத்திரி அவன் குரலைக் கேட்கும்வரை அம்மா வாசலை விட்டு எழவில்லை. அன்று தப்பித்தான் என்று நினைத்தோம். பிறகு காஷ்மீர் எல்லையில் ரோந்து போன இடத்தில் போய்விட்டான்.

சரி, கல்லுக்கு வருகிறேன். எழுத்தைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டோம். வாசகம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது, திருத்த வேண்டுமானால் புது மதிப்பீடு போட வேண்டும் என்று பதில் வந்தது. செலவை நாங்களே ஏற்கிறோம் என்றோம். அரசுக் கல்லில் தனியார் கைவைக்கக் கூடாது என்றார்கள். நான்காவது தடவை, "ஒரு எழுத்துதானே, ஊருக்கே உங்க தம்பியைத் தெரியுமே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு எழுத்து என்றால் என்ன என்று என் தம்பி மனைவிக்கு நன்றாகத் தெரியும். வீரனின் குடும்ப விவரத்தைப் பதியும் ராணுவத்தின் பார்ட் டூ ஆர்டரில் அவள் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அதற்காகக் கைக்குழந்தையோடு எத்தனை படி ஏறி இறங்கினாள்! பெயர் ஒத்துப்போகவில்லை என்று வாரிசுச் சான்று ஒரு பக்கம் நின்றது, பென்ஷன் ஒரு பக்கம் நின்றது. ஒருவர்கூட அவளிடம் "ஒரு எழுத்துதானே" என்று சொல்லவில்லை. எங்கள் காகிதத்தில் பிசகினால் அது எங்கள் குற்றம், உங்கள் கல்லில் பிசகினால் அது அற்ப விஷயமா? அவன் உடல் வந்த அன்று பிளெக்ஸ் போர்டில் இடம் பிடிக்க எத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. கல்லிலும் திறந்துவைத்தவர்கள் பெயர்தான் அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. என் தம்பியின் பெயரும் பதவியும் அங்கே சரியாக இருக்கின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்தில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்று அதில் வெட்டியிருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவரும் சண்டை. செத்தவன் யார், எந்த ஊர்க்காரன், எந்தச் சண்டையில் செத்தான், எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கல்லை நட்டவன் பெயர் அதில் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் அன்று உண்மையாகவே கண் கலங்கியதை நானும் பார்த்தேன். அதனால்தான் மறுபடியும் உங்களிடமே கேட்கிறேன். "சி." என்பதைச் "செ." என்று மாற்றுங்கள். சிப்பாய் என்பதை நாயக் என்று மாற்றுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கல் கொத்துபவரிடம் பேசிவிட்டேன். அந்த வரியை மட்டும் புதுப் பலகையில் வெட்டிப் பதிக்க ஒரு நாள் போதும் என்கிறார். எங்களுக்கு வேண்டியது உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்று. அடுத்த நினைவு நாளுக்குள் தயவுசெய்து அதைக் கொடுங்கள் ஐயா. அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது.

இப்படிக்கு,
அவனுடைய அண்ணன்