மாலை வந்தது, நீங்கள் வரவில்லை

டெல்டா மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், அடுத்த முறை அந்த இடத்தைப் பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். 38 ஆண்டுகள் இந்த ஊரின் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2022-ல் ஓய்வுபெற்றேன். அஞ்சலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுத் திண்ணைதான் அது. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை, மைப்பெட்டி, அவ்வளவுதான். ஊர்ப் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. எழுதினால் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைக் காட்டிச் சிரிப்பார். கடந்த கார்த்திகையில் எங்கள் ஊருக்கு வராமல் இருந்ததில் உங்களுக்குள் கட்சி வேறுபாடே இருக்கவில்லை.

அன்று எங்கள் தெருப் பையன் பெட்டியில் வந்தான். பையன் என்பது என் வாய்ப் பழக்கம். அவருக்கு வயது 39. ஹவில்தார், இருபது வருட சர்வீஸ். லடாக்கில் பனிமலைக் காவலில் இருந்தபோது இரவில் மூச்சுத் திணறி, கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. குண்டு படவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் உங்களுக்கே புரியும்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து ராணுவ வண்டி கிளம்பிவிட்டது என்று காலை பத்து மணிக்குத் தகவல் வந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை, தண்டோரா போடவில்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் வரை ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டரும் ஆட்கள். சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு வரப்பேறி வந்து நின்றார்கள். அன்றைய கூலி போயிற்று. பண்ணைக்காரரும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த ஊர்ப் பள்ளிவாசல் ஜமாத்தார் பெரிய அண்டாவில் டீ போட்டுக்கொண்டு வந்து, மழையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 1971-ல் சண்டை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இஸ்திரி போடாத சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு, பேரனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தாசில்தார் வந்து குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. வந்ததே தவிர, வீடு வரை போகவில்லை. அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேல் பாலம் கிடையாது. இரண்டு தென்னை மரங்கள் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வீழ்த்திய மரங்கள். அங்கே முன்பு இருந்த மரப்பாலத்தையும் அதே புயல்தான் கொண்டுபோயிற்று. விழுந்த மரத்தையே குறுக்கே போட்டு ஊர்க்காரர்கள் நடந்து பழகிவிட்டார்கள். ஓர் ஆள் நடக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் நடக்க முடியாது.

கூட வந்த சுபேதார் மரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். இந்தியில் இரண்டு சொல் சொன்னார். அவ்வளவுதான், ஜவான்கள் பூட்ஸோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும். மற்றவர்கள் எந்தெந்த மலை நாட்டுப் பிள்ளைகளோ. எங்கள் ஊர் இளைஞர்கள் அவர்களுக்கு முன்னால் குதித்து, மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே போனார்கள். இடுப்பளவு தண்ணீர், வழுக்கும் களிமண். பெட்டியைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு அக்கரை ஏறினார்கள். அதன் மேல் போர்த்தியிருந்த கொடியின் ஒரு நுனி கூட வாய்க்கால் தண்ணீரில் படவில்லை. கரையில் நின்ற அவருடைய அப்பா, அந்தப் பையன்களின் நனைந்த கால்சட்டையைப் பார்த்து, “குளிரப்போகிறது, துண்டு கொண்டு வாருங்கள்” என்றார். அவர் அன்று பேசியது அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் ஒருவர் அன்று அண்டை மாவட்டத்தில் ஒரு காதணி விழாவில் இருந்தார். படம் மாலையிலேயே எல்லார் கைபேசிக்கும் வந்துவிட்டது. இன்னொருவர் சென்னையில். மூன்றாமவர் உள்ளூரில்தான் இருந்தார். அவருடைய உதவியாளரிடம் ஊர்ப் பெரியவர்கள் பேசியபோது கிடைத்த பதில்: “நேரடிச் சண்டையில் இறந்தவர் இல்லையே?” மூன்று மணிக்கு ஒரு கார் வந்தது. டிரைவர் இறங்கி மலர்வளையத்தை வைத்தார், கூட வந்தவர் படம் எடுத்தார், போய்விட்டார்கள். வளையத்தின் ரிப்பனில் அனுப்பியவரின் பெயர் பொன்னெழுத்தில் பெரிதாக இருந்தது. இறந்தவரின் பெயர் இல்லை.

சண்டையில் சாவது வேறு, பணியிடத்து விபத்திலோ நோயிலோ சாவது வேறு என்று ராணுவம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட அது தேவைப்படுகிறது. இரண்டு கிலோமீட்டர் காரில் வருவதற்கு உங்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு? மூச்சு விடக் காற்று போதாத உயரத்தில் அவர் தானாகப் போய் நின்றுகொள்ளவில்லை. நாம் அனுப்பினோம், போனார்.

வராமல் இருப்பதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. அவரும் இந்த டெல்டா மண்ணின் திருக்குவளைக்காரர்தான். அங்கே தமிழர்கள் பட்ட பாட்டைச் சொல்லி, ஏன் போகவில்லை என்பதை ஒளிக்காமல் அறிவித்தார். அதற்காக நாடெங்கும் ஏச்சு வாங்கினார். எங்கள் திண்ணையிலேயே அதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை நடந்தது. அந்தப் படையில் போன ஒருவரின் தம்பி ஒரு பக்கம், வேதாரண்யத்தில் அகதிகள் படகிலிருந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் மறுபக்கம். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வராமைக்கு ஒரு காரணமும் அதைச் சொல்லும் துணிச்சலும் இருந்தன. உங்கள் வராமைக்கு ஒரு காதணி விழா.

பட்டாளத்துக் குடும்பங்களை எனக்கு முகவரியால்தான் முதலில் தெரியும். ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்றிருக்கும்; ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம். இந்த எண்ணைத் தவிர எந்த ஊர், எந்த மலை என்று கவரில் எதுவும் இருக்காது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமலே அம்மாக்கள் கடிதம் எழுதச் சொல்வார்கள், நான் எழுதுவேன். எனக்கு முன்பு இருந்த போஸ்ட்மாஸ்டர் ஒரு கதை சொல்வார். 1971-ல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் போரில் இறந்தபோது முதலில் தந்தி வந்தது. பல வாரம் கழித்து அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டி வந்தது. உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் எல்லையிலேயே எரித்துவிடுவார்கள். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்த பெயரையும் நம்பரையும் மனைவி கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கார்கில் போரிலிருந்துதான் உடல்கள் வீடு வந்து சேர்வது வழக்கமாயிற்று. அந்தப் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அது திருச்சிக்கு வந்த நாளில் நானும் பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தோடு நின்றேன்.

2004 டிசம்பர் 26-ஐ உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டது. நாகப்பட்டினத்தில் இடிபாடுகளுக்குள் இறங்கியவர்களில் ராணுவத்தினரும் இருந்தார்கள். யாருடைய உடல், என்ன சாதி, எந்தத் தொகுதி என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மக்கள் ரோட்டில் நின்றதற்கு இதெல்லாம் காரணமா என்றால், அப்படி யோசித்து யாரும் நின்றதாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை வருகிறான், நின்றார்கள்.

நீங்கள் ராணுவத்தை மதிக்காதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது, மே 10 அன்று சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் தலைமையில் ராணுவத்துக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கடைத்தெருவிலும் ஊர்வலங்கள் போயின. நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். வெயிலில் வியர்க்க வியர்க்கக் கொடி பிடித்தீர்கள். பின்னால் பெட்டியில் வந்த அதே ஹவில்தாரின் அப்பாவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார் உங்களில் ஒருவர். அந்தச் சால்வை இப்போதும் அந்த வீட்டுத் துணிக்கொடியில் தொங்குகிறது. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்கு வர உங்களுக்கு வழி தெரியவில்லை.

அந்த மேடையில் சோழர் படையைப் பற்றி நீண்ட நேரம் பேசினீர்கள். சோழர் காலத்தில் போரில் மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். பெயரிலேயே ரத்தம் இருக்கிறது. எங்களுக்கு நிலம் வேண்டாம். பாலத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாலத்துக்காக அவரே மனுக் கொடுத்திருக்கிறார். 2019-ல் லீவில் வந்தபோது முதல் மனு. என் திண்ணையில் உட்கார்ந்து, என் பேனாவால் எழுதினார். “பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் இந்த மரத்தின் மேல் நடக்கிறார்கள். மழைக்காலத்தில் வழுக்குகிறது. சிறுபாலம் ஒன்று கட்டித் தரப் பணிவுடன் வேண்டுகிறேன்.” கீழே கையெழுத்து, ராணுவ எண், 56 ஏ.பி.ஓ. நான்தான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2021-ல் இரண்டாவது, 2023-ல் மூன்றாவது. மூன்றுக்கும் ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, அலுவலக முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பதில் மட்டும் வரவில்லை. மூன்று அட்டைகளையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். (பதிவுத் தபாலையே 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் மனுவின் ஆயுள் அந்தச் சேவையின் ஆயுளைத் தாண்டிவிட்டது.)

இன்னொன்று. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஆற்றங்கரையில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண். ஊர் ஆசிரியர் ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கிறார். தலைக்கு மேல் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோய் விமானம் போனால் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், அவரிடம் திட்டு வாங்குகிறார்கள். 2022-ல் வந்த அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில் இவர்களுக்கு நான்கு வருடம்தான் வேலை. நூற்றில் 25 பேருக்கு மேல் நிரந்தரம் ஆக முடியாது. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சத்தோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் இல்லை. திட்டம் சரியா தவறா என்று வாதாட எனக்கு அறிவு போதாது. ஆனால் முதல் அணியின் நான்கு வருடம் 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. இருபத்து மூன்று வயதில் திரும்பி வரப்போகிற இந்தப் பிள்ளைகளுக்காக உங்களில் யாராவது எங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர்களுடைய அப்பாக்களிடம் கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

ஹவில்தார் பெயரில் நுழைவு வளைவு கட்டுவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. தேர்தல் நெருங்கினால் சிலை என்றும் சொல்வீர்கள். அவர் மனைவியிடம் கேட்டேன். “வளைவு வேண்டாம் மாமா, அவர் எழுதிக் கேட்டதைக் கட்டச் சொல்லுங்கள்” என்றார். அந்த மூன்று மனுக்களின் நகல்களை இந்த மடலோடு உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன். நான்காவதாக அவர் மனைவி கையெழுத்திட்ட மனு இருக்கிறது. அதில் ராணுவ எண் இல்லை.

தை பிறந்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் லீவில் வருகிறார்கள். ஜோத்பூர் பக்கமிருந்து வாரம் ஒருமுறை மன்னார்குடிக்கு வரும் பகத் கி கோத்தி வண்டியில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு ஊரிலிருந்து ஒரு வேன் பேசியிருக்கிறோம், நானும் போகிறேன். ஒருவன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு தென்னை மரங்களின் மேல்தான் அவன் நடந்து போக வேண்டும். வேனில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சலகப் போஸ்ட்மாஸ்டர் ஒருவர்