கேசட்டுகளுக்கும் ஓர் அலமாரி வேண்டும்: பொது நூலகத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றின் நூலகர்களுக்கும் வணக்கம்.

தொண்ணூறுகளில் எட்டு, பத்து வயதில் டிவி கேம் ஆடத் தொடங்கியவர்கள் இப்போது நாற்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறோம். ஆடுவதை விடவில்லை. கான்ட்ராவில் தொடங்கி, நோக்கியாவின் பாம்பு, பிரவுசிங் சென்டரின் கவுன்டர் ஸ்டிரைக், பிளேஸ்டேஷன் 2 என்று வளர்ந்து, இன்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுகிறோம். அந்தப் பழைய டிவி கேம் செட்டுகளும் அவற்றில் செருகி ஆடும் கேம் கேசட்டுகளுமோ ஒவ்வொரு போகிக்கும், ஒவ்வொரு வீடு மாற்றத்துக்கும் பரணிலிருந்து இறங்கி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அவற்றைச் சேர்த்து வைக்கவும், வருகிறவர்கள் ஆடிப் பார்க்கவும் பொது நூலகத்தில் ஓர் அறை கேட்டு இம்மடலை எழுதுகிறோம்.

நூலகத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சட்டம் நூலையும் நாளிதழையும் பருவ இதழையும் சொல்கிறது. வீடியோ கேம் அதில் இல்லை. பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீடியோ கேம்களும் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கப்படுகின்றன. கியோத்தோவின் ரிட்சுமேகன் பல்கலைக்கழகம் 1998லேயே கேம் ஆவணக் காப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு கூறியது. அங்கேயே நிலைமை அப்படி. நம் வீடுகளில் ஆடப்பட்டவற்றுக்குப் பட்டியல்கூட இல்லை.

தற்செயலான பொருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நிண்டெண்டோ நிறுவனத்தின் டிவி கேம் செட்டான ஃபேமிகாம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் 15 ஜூலை 1983. மதுரை நூலகம் திறக்கப்பட்டது 15 ஜூலை 2023. சரியாக 40 ஆண்டு.

சேகரிப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை: அந்த ஃபேமிகாமின் நகல்களில். மேலே சாமுராய், மீடியா, டெர்மினேட்டர் என்று எந்தப் பெயர் இருந்தாலும் இங்கே டிவி கேம் என்றால் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். ஜப்பானியச் செட்டைத் தருவித்து கண்ணாடிப் பேழையில் வைத்தால் நம் வரலாறு அதில் இருக்காது. ஜப்பானியத் தொலைக்காட்சி வினாடிக்கு 60 படம் காட்டும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கிய நம்முடைய தொலைக்காட்சி 50 படம் காட்டும். இங்கே வந்த நகல்களில் பலவும் அந்த 50க்கு ஏற்பச் செய்யப்பட்டவை. கேமின் ஓட்டம் படக்கணக்கை ஒட்டியே நடப்பதால் மரியோவின் ஓட்டமும் பின்னணி இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், தாளம் மட்டும் தணியும். நம் தலைமுறையின் காதில் தங்கியிருப்பது அந்தத் தாளம். கணினியில் எமுலேட்டர் (பழைய செட்டைப் போலவே இயங்கும் நிரல்) வைத்து ஆடக் கொடுத்தாலும் வட்டாரத் தேர்வில் 'டென்டி' என்பதை வையுங்கள். இப்படிப்பட்ட நகல் செட்டுகளின் 50 படக் கணக்குக்காகவே உள்ள தேர்வு அது. மெசன் என்ற எமுலேட்டரில் கிடைக்கும்.

அடுத்தது கேசட். '9999999 இன் 1' என்று எழுதியிருக்கும் கேசட்டைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பிசின் துளி இரண்டு மூன்று தெரியும். சில்லு அதற்கடியில் இருப்பதால் கழற்றிப் படிக்க முடியாது. கேசட்டைச் செட்டில் செருகும் விளிம்பிலுள்ள 60 உலோக முனை வழியாகத்தான் படிக்க வேண்டும். பட்டியலில் லட்சக்கணக்கில் பெயர் ஓடினாலும் உண்மையில் இருப்பது சில கேம்களே. அவையே வேறு வேறு கட்டத்தில் தொடங்கும்படி வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே அட்டவணைப்படுத்தும்போது மேலே ஒட்டியுள்ள படத்தை நம்பாதீர்கள். முகப்புப் பட்டியலைப் படம் எடுங்கள், தனித்த கேம்களை ஆடிப் பார்த்து எண்ணுங்கள், தொடக்கத்தில் தோன்றும் ஆண்டையும் நிறுவனப் பெயரையும் குறியுங்கள். நிறுவனப் பெயர் அழிக்கப்பட்டிருந்தால் அதையும் குறிப்பது நல்லது. எந்த ஊரிலிருந்து எந்த நகல் வந்தது என்று பின்னால் ஒருவர் ஆராய வேண்டுமானால் அந்த அழிப்புதான் தடயம்.

இனிப் பராமரிப்பு. பெரும்பாலான செட்டுகள் சாவது மின்சாரம் கொடுக்கும் முதல் நொடியில்தான். ஃபேமிகாம் அடாப்டரில் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் நடுமுனை பெரும்பாலும் நேர்மின். நகல் செட்டுகளில் இரண்டும் உண்டு. ஒப்புப் பார்க்காமல் செருகினால் உள்ளே 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரோ அதன் பக்கத்துக் கெப்பாசிட்டரோ போய்விடும். பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரில் 9 வோல்ட் என்று போட்டிருந்தாலும் சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட்கூடக் காட்டும். செட்டின் முதுகில் உள்ள குறியைப் படியுங்கள், மல்டிமீட்டரில் முனையைச் சோதியுங்கள், 9 வோல்ட் நிலைப்படுத்திய அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். எந்தச் செட்டுக்கு எந்த முனை என்று அடாப்டரிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேசட் ஓடவில்லை என்றால் ஊதக் கூடாது. நாம் எல்லோரும் ஊதினோம். ஊதியதால் ஓடியது போலத் தோன்றியதற்குக் காரணம் கழற்றி மறுபடி செருகியதுதான். வாயின் ஈரம் முனைகளில் தங்கிப் பச்சை பிடிக்கவைத்தது. செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, முனைகளின் நீளவாக்கில் தேயுங்கள். குச்சி கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். உப்புத்தாளும் பிளேடும் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்துவிட்டால் சென்னைக் கடற்காற்றுக்கு அது தாங்காது. கேசட் சுத்தமாக இருந்தும் திரை சிதறினால் செட்டின் செருகுவாய் தளர்ந்திருக்கும். 60 முனை, 2.54 மி.மீ. இடைவெளி கொண்ட செருகுவாய் கிடைக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சால்டர் செய்யலாம்.

ஜாய்ஸ்டிக்கின் ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் அறும். உள்ளே ஐந்து கம்பி: மின்சாரம், பூமி, கடிகாரம், பூட்டு, தரவு. ஒரே ஒரு பொத்தான் வேலை செய்யாவிட்டால் ரப்பரடியைத் துடையுங்கள், எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் கம்பியைச் சோதியுங்கள். ரப்பரில் உள்ள கரிப்பூச்சை அழுத்தித் தேய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும், கவனம்.

சேமித்து வைப்பதில் பலரும் அறியாத ஒரு கேடு உண்டு. ஜாய்ஸ்டிக் ஒயரைச் செட்டின் மேல் சுற்றி வைப்பது நம் வழக்கம். ஒயரின் பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த பொருள் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உடலை உருக்கும். பத்தாண்டில் பாம்பு ஊர்ந்த தடம் போல அச்சு விழுந்துவிடும், சரிசெய்ய வழியில்லை. ஒயரைத் தனியே சுருட்டி அமிலமற்ற தாளில் பொதியுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு, பெட்டிக்குப் பத்து கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் புதியது. ஓலைச்சுவடிக்கும் பழைய தாளுக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையே போதும்.

துப்பாக்கி ஆட்டத்துக்காகப் பிக்சர் டியூப் டிவி குறைந்தது இரண்டு வேண்டும். டக் ஹன்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சம் தன் குழலுக்குள் பட்டதா என்பதைத்தான் துப்பாக்கி பார்க்கிறது. எல்சிடி, எல்இடி திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகின்றன. அதோடு துப்பாக்கியின் சுற்று டியூபின் துடிப்புக்குப் பழக்கப்பட்டது. ஆகவே புதிய டிவியில் எத்தனை முறை சுட்டாலும் விழாது. ஏவி செருகுவாய் உள்ள 21 அங்குல டிவியை வாங்குங்கள். இருவர் சேர்ந்து தூக்குங்கள். பின்மூடியை நூலகப் பணியாளர் யாரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் டியூபில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிவி மெக்கானிக்குகள் பலர் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த ஒருவரை மாவட்டத்துக்கு ஒருவராக இப்போதே கண்டுபிடித்து வைப்பது, டிவி வாங்குவதைவிட அவசரம்.

நிண்டெண்டோவின் கையடக்க செட்டான கேம்பாயின் கேசட்டுகள் வந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். ஆட்டத்தின் சேமிப்பு உள்ளிருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரியால்தான் உயிரோடு இருக்கிறது. கழற்றினால் ஒரு குழந்தையின் மொத்த விடுமுறையும் அழிந்துவிடும். எனவே படித்து நகலெடுத்த பின்னரே கழற்ற வேண்டும். இந்தக் கேசட்டுகளின் திருகுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி தேவை. சிஆர்2025, சிஆர்1616 என்று பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில், சால்டர் செய்ய உலோகக் காது வைத்த பேட்டரியாகப் போடுங்கள். வெறும் பேட்டரியின் மேல் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

நகலெடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்துச் செய்யும் திறந்தமூலக் கேசட் படிப்பான் உண்டு. ஒவ்வொரு கேசட்டையும் இரண்டு முறை படித்து கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் முனைகளில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள். படித்த கோப்பை மூன்று படியாக, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்கும்படி வையுங்கள். இடம் பற்றிக் கவலையே வேண்டாம்: சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இந்த மடலை யூனிகோடில் சேமித்தால் ஏறத்தாழ அதே இடம் பிடிக்கும்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, உங்கள் சட்ட ஆலோசகர் பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52இல் 2012இல் வந்த திருத்தம், பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்க இடம் தருகிறது. ஆனால் அந்தப் படைப்பின் 'எண்ணிமம் (டிஜிட்டல்) அல்லாத' படி நூலகத்திடம் இருக்க வேண்டும் என்கிறது. கேசட் பிறப்பிலேயே எண்ணிமம். அதே பிரிவின் இன்னொரு கூறு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அழிவிலிருந்து காக்கக் காப்புப்படி எடுக்கலாம் என்கிறது. நிறுவனங்களின் அனுமதியில்லாமல் செய்த நகல் கேசட்டுகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதே கேள்வி. தெளிவு கிடைக்கும்வரை நகல்களை உங்கள் நூலகங்களின் வளாகங்களுக்குள்ளேயே வைத்திருங்கள். ஒன்றிய அரசுக்கு எழுதும்போது அந்த ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லுங்கள்; எதிர்காலத்தில் வெறும் மின்னூலாக மட்டும் வரும் நூல்களுக்கும் அது உதவும்.

போன்களை மறக்க வேண்டாம். 1997இல் நோக்கியா 6110உடன் வந்த பாம்பும், பின்னர் வந்த ஜாவா கேம்களும் வீட்டில் டிவி கேம் வாங்க முடியாதவர்களின் வீடியோ கேம். ஒரே கேம் 128×160, 176×208, 240×320 என்று திரைக்கேற்ப வேறு வேறு கோப்பாக வந்தது, ஒவ்வொன்றும் தனிப் பதிப்பு. போனைப் பெற்றதும் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உப்பியிருந்தால் குத்தாமல் மின்கழிவு மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்றைய கேம்களின் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் பரணில் வைக்கவே ஒன்றும் இல்லை. நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு செட்டுகளுக்குமான இணையக் கடை 27 மார்ச் 2023இல் மூடப்பட்டது. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் ஆட முடியாமல் போனது.

'வெண்பா'வுக்கு அந்த கதி வரக் கூடாது. 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட கேம் அது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய், கிழிந்தும் கறைபட்டும் போன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். அழிந்த வரிகளை நாமே யோசித்து நிரப்ப வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது பெற்றது. தமிழ்ப் படைப்பென்று அதைச் சேர்த்துவைக்க வேண்டிய முதல் இடம் உங்கள் நூலகம். படைத்தவர்களுக்கே எழுதி, கடையையோ சர்வரையோ நம்பாமல் ஓடக்கூடிய ஒரு படியைக் கேட்டுப் பெறுங்கள். வரைபடங்கள், வசனத்தின் முதல் வடிவங்கள் கொடுத்தால் அவற்றையும்.

தொடக்கத்துக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. மதுரையில் ஓர் அறை, இரண்டு டியூப் டிவி, ஓடும் நான்கு டிவி கேம் செட், ஒரு பிளேஸ்டேஷன் 2, ஒரு கேசட் படிப்பான், சால்டரிங் மேசை ஒன்று. மூலக் கேசட் அலமாரியில் இருக்கட்டும், ஆடுவதற்குப் படி. பூட்டிய பேழை மட்டும் வேண்டாம். கான்ட்ராவை இரண்டாவது ஆளோடு ஆடாதவருக்கு, அருவிக் கட்டத்தில் முன்னால் ஏறுகிறவன் திரையை இழுத்துக் கீழே நிற்பவனைக் கொன்றுவிடும் கதையை எந்தக் குறிப்பட்டையும் சொல்லிவிட முடியாது.

சுத்தம் செய்யவும், படிக்கவும், சால்டர் வைக்கவும், உங்கள் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் எங்களில் பலர் ஞாயிறுதோறும் வரத் தயார். அன்பளிப்புப் படிவத்தில் மூன்று கேள்வி சேருங்கள்: எந்த ஆண்டு, எந்தக் கடைத்தெருவில் வாங்கியது, வீட்டில் யார் யார் ஆடினார்கள். செட்டைக் கொண்டுவருபவரிடம் அடாப்டரையும் கேளுங்கள். அது பெரும்பாலும் அதே பரணில் வேறொரு பைக்குள் இருக்கும்.

இப்படிக்கு,
டிவி கேம் காலத்தில் தொடங்கி இன்றும் ஆடுகிறவர்கள்